இறகு மெத்தையின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம் என்பனவே முதற்கேள்விகள். அந்த வேகத்தில் ஒரு வளைவு குறுக்கிட்டால் வண்டி சொன்ன சொல் கேட்குமா என்ற கேள்வி, பல நேரங்களில் வளைவு வந்த பிறகே எழுகிறது. எஞ்சினின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுவிட்டது. வண்டியைச் சாலையோடு பிணைத்து வைக்கும் சஸ்பென்ஷனின் வரலாறோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்த வரலாற்றைத் தேடிச் செல்லும்போது ஒரு செய்தி மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. வண்டியின் நிலைத்தன்மையையும் கையாளுகையையும் உயர்த்திய பெரும் மாற்றங்களில் பல, அவ்வண்டியைச் செய்த ஆலைகளில் பிறந்தவை அல்ல. வண்டியை விலைகொடுத்து வாங்கி, ஓட்டிப் பார்த்து, மனநிறைவு கொள்ளாமல், தம் பட்டறையில் வேறொன்றைச் செய்து பூட்டியவர்களால் பிறந்தவை. சங்க காலத்து உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டு சென்றதை நம் பழம்பாடல்கள் சொல்கின்றன. வண்டி செய்தவருக்குத் தெரியாத பள்ளமும் மேடும் வண்டி ஓட்டுபவருக்குத் தெரியும் அன்றோ? மோட்டார் சைக்கிளின் கதையும் ஏறத்தாழ அதுவே. இக்கட்டுரையில் அந்தக் கதையின் சில முக்கியக் கட்டங்களைக் காண்போம்.

சுருள்வில்லும் தணிப்பானும்

வரலாற்றுக்குள் புகுமுன் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நாம் பொதுவாக 'ஷாக் அப்சார்பர்' என்று சொல்லும் பாகத்தில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. முதலாவது, சக்கரம் மேட்டில் ஏறும்போது அமுங்கி, அந்த அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது. இதைச் செய்வது சுருள்வில், அதாவது ஸ்பிரிங். இரண்டாவது, அமுங்கிய வில் மீண்டும் மீண்டும் துள்ளாமல் அடக்குவது. இதைச் செய்வது தணிப்பான். ஒரு குழாயில் நிரப்பிய எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே பிதுங்கச் செய்து, துள்ளலின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது.

சுருள்வில் மட்டும் இருந்து தணிப்பான் இல்லாவிட்டால் வண்டி பந்துபோல் துள்ளும். துள்ளும் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு விலகினாலும், அந்தக் கணத்தில் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அது பயன்படாது. ஆக, சஸ்பென்ஷனின் தலையாய கடமை ஓட்டுநரின் இடுப்புக்குச் சுகம் தருவது அன்று. டயரைத் தரையை விட்டு அகலாமல் வைத்திருப்பதே அதன் தலையாய கடமை. இதை உலகம் புரிந்துகொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

இறுகிய சட்டகத்தின் காலம்

தொடக்ககால மோட்டார் சைக்கிள் என்பது எஞ்சின் பூட்டிய சைக்கிள்தான். முன்புறத்தில் ஏதேனும் ஒரு வகை வில் அமைப்பு விரைவிலேயே வந்துவிட்டது. பின்சக்கரமோ நெடுங்காலம் சட்டகத்தோடு அசையாமல் இறுக்கப்பட்டிருந்தது. இருக்கைக்கு அடியில் இரண்டு சுருள்வில்களை வைத்து ஓட்டுநரைச் சமாதானப்படுத்தினர். அந்த வில்கள் ஓட்டுநரைக் காத்தன, சக்கரத்தைக் காக்கவில்லை.

இதற்கு விலக்கானவர்களும் இருந்தனர். இங்கிலாந்தின் பிலிப் வின்சென்ட் 1928-லேயே பின்சக்கரத்துக்கு வில் அமைப்புக் கொண்ட வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 1935-இல் எண்ணெய்த் தணிப்புக் கொண்ட டெலஸ்கோப்பிக் முன் ஃபோர்க்கைத் தன் வண்டிகளில் கொண்டுவந்தது. ஆனால் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் பின்சக்கரத்தைத் தொட அஞ்சினர். பின்சக்கரம் அசைந்தால் வண்டி தடுமாறும் என்பது அக்கால நம்பிக்கை. அது வெறும் மூடநம்பிக்கை அன்று. வலுவற்ற மூட்டும் தணிப்பில்லாத வில்லும் கொண்ட பல முயற்சிகள் உண்மையாகவே வண்டியைத் தடுமாறச் செய்தன.

போருக்குப் பின் டிரையம்ஃப் நிறுவனம் சக்கரத்தின் மையக் குடத்துக்குள்ளேயே வில்களை அடைத்து ஓர் அமைப்பை விற்றது. இறுகிய சட்டகம் கொண்ட வண்டியிலும் அதைப் பூட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அதில் அசைவும் குறைவு, தணிப்போ அறவே இல்லை. உள்ளே அமுக்கி அடைக்கப்பட்ட வில்களைத் தகுந்த கருவியின்றித் திறந்தால் ஆளைக் காயப்படுத்திவிடும் என்ற அச்சமும் இருந்தது.

பெல்ஃபாஸ்ட் சகோதரர்கள்

இந்தச் சூழலில்தான் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ரெக்ஸ் மக்காண்ட்லெஸ் என்பவர் வருகிறார். 1915-இல் பிறந்த இவர் முறையான பொறியியல் கல்வி பெற்றவர் அல்லர். தாமே ஓட்டி, தாமே கழற்றி, தாமே பூட்டிக் கற்றவர். பந்தயங்களில் வண்டி ஓட்டியபோது வண்டிக்குப் போதுமான சக்தி இருந்தும் அதைச் சாலையில் இறக்க முடியாததை அவர் கண்டார்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944-இல், தம் சொந்தப் பயன்பாட்டுக்காக அவர் ஒரு வண்டியைச் செய்தார். அதன் பின்சக்கரம் ஒரு ஸ்விங் ஆர்மில், அதாவது முன்முனையில் கீல் கொண்டு மேலும் கீழும் ஆடும் கவையில், பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கவையைத் தாங்கிப் பிடிக்க அவருக்குத் தணிப்பான்கள் தேவைப்பட்டன. மோட்டார் சைக்கிளுக்கென்று அப்படியொரு பாகம் கடையில் கிடைக்காத காலம். எனவே சித்ரோவன் கார் ஒன்றின் எண்ணெய்த் தணிப்பான்களை எடுத்துச் செங்குத்தாகப் பூட்டினார். இன்று உலகெங்கும் ஓடும் கோடிக்கணக்கான வண்டிகளின் பின்புறத்தில் நாம் காணும் தோற்றம் இதுவே.

ரெக்ஸும் அவருடைய சகோதரர் குரோமியும் இதோடு நிற்கவில்லை. இறுகிய சட்டகம் கொண்ட எந்த வண்டியின் பின்பகுதியையும் அறுத்து நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ஸ்விங் ஆர்மையும் தணிப்பான்களையும் பூட்டிக்கொள்ளும்படி ஒரு மாற்றுத் தொகுப்பை உருவாக்கினர். புது வண்டி வாங்க வழியில்லாத போர்க்கால ஓட்டுநர், தன் பழைய வண்டியையே புதிதாக்கிக்கொள்ளலாம். பின்னாளில் இத்தொகுப்பின் உரிமையையும் கையிருப்பையும் ஃபெரிடாக்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றனர். ஆலை விற்ற வண்டியை வெளியில் வாங்கிய சஸ்பென்ஷன் பாகத்தால் மேம்படுத்துவது என்ற வணிகத்தின் தொடக்ககாலச் சான்றுகளுள் இது முதன்மையானது என்று நாம் கருதுகிறோம்.

1950: ஆலை படி இறங்கி வந்தது

இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் பந்தய உலகில் பெரும்பெயர் பெற்றது. ஆனால் 1940-களின் இறுதியில் அதன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் மூப்படைந்துவிட்டது. இத்தாலியின் கிலேரா நான்கு சிலிண்டர் எஞ்சினுடன் முன்னேறிக்கொண்டிருந்தது. சக்தியில் போட்டியிட முடியாத நார்ட்டன், வளைவுகளில் போட்டியிட முடியுமா என்று பார்க்க விரும்பியது. 1949-இல் அது நாடிச் சென்றது பட்டம் பெற்ற பொறியாளர் ஒருவரை அன்று. பெல்ஃபாஸ்டின் ரெக்ஸ் மக்காண்ட்லெஸை.

மாற்றுத் தொகுப்பு அவருக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்திருந்தது. நல்ல தணிப்பானைப் பூட்டினால் மட்டும் போதாது. அது தாங்கி நிற்கும் சட்டகமும் முறுக்கேறாமல் இருக்க வேண்டும். சக்கரம் மட்டும் அசைய வேண்டும், மற்ற எதுவும் அசையக்கூடாது. இரண்டு எஃகுக் குழாய் வளையங்கள் எஞ்சினைத் தொட்டில்போல் சூழ்ந்து, முன்கழுத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து பற்றிக்கொள்ளும் வகையில் புதிய சட்டகத்தை அவர் வடித்தார். அதை ஓட்டிப் பார்த்த நார்ட்டன் வீரர் ஹெரால்டு டேனியல், இறகு மெத்தையில் அமர்ந்து செல்வதுபோல் இருப்பதாகச் சொன்னாராம். 'ஃபெதர்பெட்' என்ற பெயர் அந்தச் சட்டகத்துக்கு நிலைத்துவிட்டது.

1950 ஜூன் மாதம். மான் தீவின் டூரிஸ்ட் டிராபி பந்தயம். ஒரு சுற்று 37 மைலுக்கும் மேல். பாதை என்பது ஊர்த்தெருக்களும் மலைச்சாலைகளும் மதிற்சுவர் ஓரங்களும்தான். அங்கே வண்டி தடுமாறினால் விழுவதற்கு வெற்றிடம் கிடையாது, கல்சுவர்தான் உண்டு. 350 சி.சி. பிரிவில் ஆர்ட்டி பெல்லும் 500 சி.சி. பிரிவில் ஜெஃப் டியூக்கும் வென்றனர். இரண்டு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களை நார்ட்டனே கைப்பற்றியது. ஒரு சுற்றின் வேகச் சாதனையாக 1938-இல் டேனியல் நிறுவிய மணிக்கு 91 மைல் என்பது பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. டியூக் அதை 93 மைலுக்கு மேல் உயர்த்தினார். எஞ்சினின் பரம்பரை பழையதே. புதியவை சட்டகமும் சஸ்பென்ஷனும்.

அவ்வாண்டு 500 சி.சி. உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் டியூக்கின் கையை விட்டு நழுவி, கிலேராவின் உம்பெர்ட்டோ மசெட்டியிடம் சென்றது. நார்ட்டனின் டயர்கள் இரண்டு பந்தயங்களில் தாங்காமல் போனதே காரணம். அடுத்த ஆண்டு, 1951-இல், டியூக் இரண்டு பிரிவுகளிலும் உலகப் பட்டம் வென்றார்.

சக்தி பெருகியது, தணிப்புக் குறைந்தது

இதன்பின் எல்லா ஆலைகளும் ஸ்விங் ஆர்மை ஏற்றுக்கொண்டன. சிக்கல் தீர்ந்தது என்றே தோன்றியது. இங்கிலாந்தின் இளைஞர்கள் நார்ட்டனின் சட்டகத்தில் டிரையம்ஃப் எஞ்சினைப் பூட்டி 'ட்ரைட்டன்' என்று பெயரிட்டு ஓட்டினர். இரு நிறுவனங்களும் சேர்ந்து செய்யாத ஒன்றைப் பட்டறைகளில் அவர்கள் செய்து முடித்தனர்.

1969-இல் ஜப்பானிலிருந்து 67 குதிரைத்திறனுடன் ஹோண்டா சி.பி.750 வந்தது. அதே ஆண்டில் 500 சி.சி.யில் 60 குதிரைத்திறன் கொண்ட கவாஸாகி எச்1 வந்தது. 1972-இல் 82 குதிரைத்திறன் கொண்ட கவாஸாகி இசட்1 வந்தது. எஞ்சின்கள் பொறியியல் அற்புதங்கள். ஆனால் அவற்றைச் சுமந்த ஃபோர்க்குகளும் பின் ஷாக் அப்சார்பர்களும் எஞ்சினின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எச்1 வண்டிக்கு ஓட்டுநர்கள் இட்ட பட்டப்பெயர் 'கைம்பெண் ஆக்கி' என்பது. கேலிப்பெயர்தான் என்றாலும் அதற்குள் இருக்கும் துயரம் உண்மையானது.

இருவகைத் தடுமாற்றங்கள் இங்கே குறிப்பிடத் தக்கவை. ஒன்றில் ஹேண்டில்பார் மட்டும் நொடிக்கு ஆறு முதல் பத்து முறை வரை இடமும் வலமும் படபடக்கும். மற்றொன்றில் வண்டி முழுவதுமே நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை பாம்புபோல் நெளியும். அதிவேகத்தில் நேர்வது பெரும்பாலும் இரண்டாவது. தளர்ந்த ஸ்விங் ஆர்ம், ஓய்ந்துபோன தணிப்பான், முறுக்கேறும் சட்டகம் ஆகிய மூன்றும் அதற்கு எண்ணெய் வார்ப்பவை.

விடை மீண்டும் வெளியிலிருந்தே வந்தது. நெதர்லாந்தின் கோனி ஷாக் அப்சார்பர்களையும், இத்தாலியின் செரியானி, மார்சோக்கி ஃபோர்க்குகளையும் வாங்கிப் பூட்டுவது விவரமறிந்த ஓட்டுநரின் அடையாளமாயிற்று. இத்தாலியில் மாசிமோ தம்புரினி என்பவர் 1972-இல் மிசானோ பந்தயத் தடத்தில் தம் ஹோண்டா சி.பி.750-இலிருந்து விழுந்து விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். தேறி எழுந்தவர் அந்த எஞ்சினுக்குத் தாமே ஒரு சட்டகம் செய்தார். பிமோட்டா என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் முதல் மோட்டார் சைக்கிள் அவ்வாறுதான் பிறந்தது.

ஸ்வீடனும் கலிஃபோர்னியாவும்

காடும் சேறும் நிறைந்த மோட்டோகிராஸ் தடங்களில் சஸ்பென்ஷன் படும் பாடு பெரிது. தொடர்ந்து குதித்து விழும்போது தணிப்பானின் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்குத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. பந்தயத்தின் பிற்பாதியில் வண்டி வேறொரு வண்டியாகிவிடும். எண்ணெயை நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் வைத்தால் நுரைக்காது என்பதைப் பிரான்சின் தெ கார்போன் கார்களுக்காக முன்பே காட்டியிருந்தார். பெல்ஜியத்தின் லூசியன் தில்கென்ஸ் இருக்கைக்கு அடியில் ஒற்றை ஷாக் அப்சார்பரைப் படுக்கவைக்கும் அமைப்பை வடித்து யமஹாவுக்கு அளித்தார். அதைக் கொண்டு ஹாகன் ஆண்டர்சன் 1973-இல் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார்.

மோட்டோகிராஸ் வீரரான கெந்த் ஓலின் 1976-இல் ஸ்வீடனின் உப்லாண்ட்ஸ் வாஸ்பியில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில், 1978-இல், அவருடைய ஷாக் அப்சார்பர் பூட்டிய கே.டி.எம். வண்டியில் சோவியத் வீரர் கென்னடி மொய்சேயெவ் உலகப் பட்டம் வென்றார். 1987-இல் யமஹா அந்நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. 2007-இல் ஓலின் அதன் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் டென்னெகோவிடம் சென்ற நிறுவனம், 2025 தொடக்கத்தில் இத்தாலியின் பிரெம்போவுக்குக் கைமாறியது. பொன்னிறக் குழாயும் மஞ்சள் நிற வில்லுமாக ஒரு காலத்தில் தனியே வாங்கிப் பூட்டப்பட்ட அப்பாகங்கள் இன்று பல உயர்விலை வண்டிகளில் ஆலையிலேயே பூட்டப்பட்டு வருகின்றன.

எளிய வண்டிக்கு வழி காட்டியவர் கலிஃபோர்னியாவின் பால் தீட். 1984-இல் ரேஸ் டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர். விலை குறைந்த ஃபோர்க்குகளில் எண்ணெய் மாறாத அளவுள்ள துளைகளின் வழியே செல்கிறது. அத்தகைய துளையில் வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். எனவே மெதுவாக அமுங்கும்போது, எடுத்துக்காட்டாக பிரேக் பிடிக்கையில், தடை போதாமல் முன்பகுதி தலை குப்புறத் தாழும். பள்ளத்தில் திடுமென விழும்போதோ தடை மிகுந்து கைகளை உலுக்கும். ஒரே ஃபோர்க் ஒரே நேரத்தில் மிக மென்மையாகவும் மிகக் கடினமாகவும் இருக்கும் விந்தை இது. அழுத்தம் மிகும்போது தானே திறந்துகொள்ளும் சிறு வால்வு ஒன்றை அந்த ஃபோர்க்குக்குள் வைத்து, இந்தக் குறையைத் தீட் பெருமளவு போக்கினார். முழு ஃபோர்க்கையும் மாற்ற வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம் போதும்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும்

இந்த வரலாறு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. வாங்கிப் பூட்டியதால் கெட்ட வண்டிகளும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தவறான எண்ணங்கள் பெரும்பாலும் இரண்டு.

முதலாவது, கடினமே நிலைத்தன்மை என்ற எண்ணம். பின் ஷாக் அப்சார்பரின் அடியிலுள்ள படிவளையத்தைக் கடைசிப் படிக்குத் திருகிவிட்டு வண்டி 'டைட்' ஆகிவிட்டது என்று மகிழ்வோர் பலர். அந்த வளையம் வில்லின் வலிமையை மாற்றுவதில்லை. வண்டியின் இருப்பு உயரத்தையே மாற்றுகிறது. ஓட்டுநர் அமர்ந்த நிலையில் சாலை வண்டியின் சஸ்பென்ஷன் தன் முழு அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருக்க வேண்டும். அந்த இருப்பு இருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொடர முடியும். உடல் எடைக்கேற்ற வில்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. தணிப்பானைச் சீர்செய்வது அதற்கடுத்தது.

இரண்டாவது, உயரத்தைப் பற்றிய அலட்சியம். பின்புறம் சற்றே நீளமான ஷாக் அப்சார்பரைப் பூட்டினால் வண்டி முன்னோக்கிச் சாயும். முன் ஃபோர்க்கின் சாய்வு குறையும். வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் நேர்ச்சாலையில் தன்னைத்தானே நேராக வைத்துக்கொள்ளும் இயல்பு குறையும். கையாளுகையை வாங்கப் போனவர் நிலைத்தன்மையை விற்றுவிட்டு வருகிறார். ரெக்ஸ் மக்காண்ட்லெஸ் தணிப்பானோடு நில்லாமல் சட்டகம் வரை சென்றதன் காரணம் இந்த உறவை அவர் அறிந்திருந்ததே.

சென்னையும் ஒசூரும்

இந்தக் கதை நம் மண்ணையும் தொடுகிறது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948-இல் ஸ்விங் ஆர்ம் கொண்ட புதிய புல்லட்டைக் கரடுமுரடான தடப்போட்டிகளில் இறக்கியது. பின்சக்கரம் அசைந்தால் பிடிப்பு போய்விடும் என்று நம்பிய போட்டியாளர்கள் அதை ஐயத்துடனே பார்த்தனர். அந்தப் புல்லட்தான் 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நம் சாலைகளில் ஓடியது.

1970-களில் ஜப்பானிய எஞ்சின்களுக்கு மாற்றுச் சட்டகங்கள் செய்துவந்த இங்கிலாந்துப் பட்டறைகளுள் ஒன்று ஹாரிஸ் சகோதரர்களுடையது. 2013-இல் சென்னை ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட கான்டினென்டல் ஜி.டி. வண்டியின் சட்டகம் அவர்களின் கைவண்ணம். அதன் பின்புறத்தில் இத்தாலியின் பையோலி ஷாக் அப்சார்பர்கள் ஆலையிலேயே பூட்டப்பட்டிருந்தன. 2015-இல் ஹாரிஸ் நிறுவனத்தையே ராயல் என்ஃபீல்டு வாங்கிவிட்டது. நார்ட்டனின் பெயரோ, பல கைகள் மாறி, 2020 ஏப்ரலில் ஒசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. விலை 1.6 கோடி பவுண்டு.

ரெக்ஸ் மக்காண்ட்லெஸ் 1992-இல் மறைந்தார். நார்ட்டனின் பெயரை அறிந்தவர் பலர். அவர் பெயரை அறிந்தவர் சிலரே. ஆயினும் நம் தெருமுனை மெக்கானிக் ஒரு வண்டியின் பின்புறத்தைக் கையால் அமுக்கி, அது ஒரே மூச்சில் எழுந்து அடங்குகிறதா, இரண்டு முறை ஆடுகிறதா என்று பார்க்கும்போது, பெல்ஃபாஸ்டில் 1944-இல் கேட்கப்பட்ட கேள்வியைத்தான் மீண்டும் கேட்கிறார். இரண்டு முறை ஆடினால் தணிப்பான் ஓய்ந்துவிட்டது என்று பொருள். வண்டிக்குப் புது எஞ்சின் ஆயில் ஊற்றுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை அங்கேயும் காட்டுவோமானால், மழைநாளின் வளைவொன்றில் அதன் பயனை நாம் அறிவோம்.